ஒட்டாகோ ரயில் தடத்தில் மிதிவண்டிப் பயணம்: ஐம்பதைத் தாண்டிய தம்பதியால் முடியுமா?

கிள்ளானைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருக்கு வயது 54, மனைவிக்கு 50. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் சேர்ந்து 30 கிலோமீட்டர் அளவுக்கு மிதிவண்டி ஓட்டுகிறார்கள்; உலு லங்காட் பக்கத்து மேடுகளில் மூச்சு வாங்குகிறது. நியூசிலாந்தின் தென் தீவில் பழைய ரயில் பாதையை மிதிவண்டித் தடமாக மாற்றியிருக்கிறார்களாமே, பண்ணை நிலங்களின் ஊடே 150 கிலோமீட்டர் போகுமாமே, அதை எங்களால் ஓட்டி முடிக்க முடியுமா, எத்தனை நாள் ஒதுக்க வேண்டும், எந்த முனையில் தொடங்குவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்.

முடியும். நான் செந்தூலில் வசிப்பவன். அந்தத் தடத்தில் இரண்டு முறை சென்றிருக்கிறேன், முதல் முறை நண்பர்களோடு இரண்டே நாளில் அடித்துப் பிடித்து, அடுத்த முறை மனைவியோடு நான்கு நாளில் நிதானமாக. அந்த அனுபவத்தில் சொல்வதானால், நீங்கள் பயப்படும் மேடு அங்கே ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் கேட்கவே கேட்காத காற்றும், சரளைக்கல்லும், இருக்கையில் தொடர்ந்து உட்காரும் நேரமும்தான் அங்கே ஆளைச் சோதிப்பவை.

அந்தத் தடத்தின் பெயர் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் தடம். கிளைட் என்ற சிற்றூருக்கும் மிடில்மார்ச் என்ற சிற்றூருக்கும் இடையே 152 கிலோமீட்டர். டனீடன் நகருக்கு அருகிலிருந்து உள்நாட்டை நோக்கி இந்த ரயில் பாதையைப் போடும் வேலை 1879இல் தொடங்கியது. மிடில்மார்ச்சை எட்ட 1891 ஆகிவிட்டது, கிளைடை எட்ட 1907. ஆட்டுரோமமும் கால்நடையும் பழமும் ஏற்றிச் சென்ற பாதை இது. லாரிகள் அந்தச் சரக்கைப் பறித்துக்கொண்ட பிறகும், கிளைட் அணைக்கட்டுக்கு வேண்டிய பொருள்களைச் சுமக்கும் வேலை இருந்ததால் சில காலம் உயிரோடு இருந்தது. அணைக்கான சரக்குப் போக்குவரத்து ஓய்ந்ததும் 1990இல் இந்தப் பகுதி மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பிறகு அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலத்தைப் பொறுப்பேற்று, பாலங்களுக்குப் பலகை பாவி, கைப்பிடி வைத்து, பாதையில் சரளை பரப்பி, 2000ஆம் ஆண்டில் முழுத் தடத்தையும் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

மேட்டைப் பற்றி ஏன் கவலை வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தப் பாதையைப் போட்டவர்கள் நம்மை நினைத்துப் போடவில்லை, நீராவி இஞ்சினை நினைத்துப் போட்டார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிமானம் மிகக் குறைவு; சற்றே செங்குத்தானால் சக்கரம் வழுக்கிச் சுழலுமே தவிர வண்டி நகராது. ஆகவே 50 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயர்வு என்பதே அந்தப் பாதையின் உச்ச வரம்பு. தடத்தின் மிக உயர்ந்த இடம் வெடர்பர்ன் அருகே 618 மீட்டரில் இருக்கிறது. கிளைடிலிருந்து அந்த உச்சிக்கான உயர வேறுபாடு 500 மீட்டருக்கும் குறைவு, அதுவும் ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவிக் கிடக்கிறது. சாட்டோ கிரீக்குக்கும் ஒமாகாவுக்கும் இடையே 'டைகர் ஹில்' என்றொரு மேடு உண்டு. பெயரைக் கேட்டால் புலி பாய்வதுபோல் இருக்கும். நேரில் பார்த்தால் குன்றின் விலாவில் பாம்புபோல் வளைந்து வளைந்து ஏறும் சாதுவான பாதை. உலு லங்காட்டில் பத்து நிமிடத்தில் படும் பாட்டை அங்கே ஒரு நாள் முழுவதும் பட மாட்டீர்கள்.

ஆனால் இந்தச் சாதுவான ஏற்றத்தில் ஒரு சூது இருக்கிறது. செங்குத்தான மேட்டில் ஏறியவன் உச்சியைக் கடந்ததும் மிதிக்காமல் இறங்குவான். உடம்புக்கு ஓய்வு கிடைக்கும், இருக்கையை விட்டு எழுந்து நிற்கவும் வாய்ப்புக் கிடைக்கும். ரயில் தடத்தில் அந்த இடைவெளியே கிடையாது. ஒரே சரிவு, ஒரே வேகம், மணிக்கணக்காக ஒரே மிதி, அடியில் இடைவிடாமல் நறநறக்கும் சரளை. மாலையில் கால் வலிக்காது. உள்ளங்கை மரத்திருக்கும், உட்காரும் இடம் புண்ணாகியிருக்கும். 'ரயில் போன பாதைதானே, சமதளம்தானே' என்று எண்ணி ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் என்று திட்டம் போடுபவர்கள் இதில்தான் அகப்படுகிறார்கள். அப்படி அகப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது காற்று. தடத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது நேர்க்கோடு அன்று, கூரை முகடுபோல் கவிழ்ந்த வடிவம். கிளைடிலிருந்து அலெக்சாண்ட்ரா என்ற ஊர்வரை தென்கிழக்காகப் போய், அங்கிருந்து வடகிழக்காக மனுஹெரிகியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, மலை இடுக்கு ஒன்றைக் கடந்து ஐடா பள்ளத்தாக்குக்குள் புகுந்து, வெடர்பர்னில் முகட்டைத் தொட்டு, ரான்ஃபர்லி வழியாகத் தென்கிழக்கே இறங்கி, பிறகு தென்மேற்காகத் திரும்பி ஹைட், மிடில்மார்ச் என்று முடிகிறது. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்றே அங்கே அதிகம் என்பதால், கிளைடில் தொடங்குபவர்களுக்கு முதல் பாதியில் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். ஆகவே கிளைடிலிருந்தே தொடங்குங்கள் என்பது என் யோசனை. எனினும் பாதை திரும்பிவிடுவதால் எந்தக் காற்றும் முழுத் தூரத்துக்கும் துணை வராது. தெற்கிலிருந்து குளிர்காற்று கிளம்பும் நாளில் ஹைடிலிருந்து மிடில்மார்ச் வரையுள்ள கடைசி 27 கிலோமீட்டரில் அது நேரே முகத்தில் அறையும்.

முதல் பயணத்தில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். ஒரு பக்கம் ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர், மறுபக்கம் புல்வெளி, நடுவே நூல் பிடித்ததுபோல் நீளும் பாதை. காற்றுக்கு மறைப்பாக ஒரு மரம் இல்லை. தூரத்தில் ஒரு கொட்டகை தெரிந்தது. இருபது நிமிடம் மிதித்த பிறகும் அதே அளவில்தான் தெரிந்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக முன்னே போய், இருட்டும் நேரத்தில் மிடில்மார்ச்சைச் சேர்ந்தோம். அன்றைக்குக் காலையில் ரான்ஃபர்லியிலிருந்து புறப்பட்டு ஏற்கெனவே 33 கிலோமீட்டர் போல ஓட்டியிருந்தோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிப் பகுதியைத் தனியாக ஒரு காலைப்பொழுதுக்கு ஒதுக்கியிருந்தால் அது வெறும் அலுப்பாக முடிந்திருக்கும். நாங்கள் அதைத் தண்டனையாக்கிக்கொண்டோம்.

ஆகவே உங்களுக்கு நான்கு நாள் வேண்டும். முதல் நாள் கிளைடிலிருந்து லாடர் வரை சுமார் 45 கிலோமீட்டர். டைகர் ஹில் இதில் அடங்கிவிடும். இரண்டாம் நாள் லாடரிலிருந்து வெடர்பர்ன் வரை சுமார் 35, ஏனெனில் அன்று நின்று பார்க்க வேண்டியவை அதிகம். மூன்றாம் நாள் வெடர்பர்னிலிருந்து ஹைட் வரை. தூரம் கூடுதலாகத் தோன்றினாலும் பெரும்பாலும் இறக்கம். நான்காம் நாள் காலையில் மிடில்மார்ச். உங்கள் பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைகள் அங்கே உண்டு; கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். முதுகில் மூட்டையோடு ஓட்டினால்தான் வீரம் என்று யாரும் அங்கே பட்டயம் கொடுப்பதில்லை.

இரண்டாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லாடரைத் தாண்டியதும் தடத்தின் மிக நீளமான பாலத்தின் வழியாக மனுஹெரிகியா ஆற்றைக் கடந்து, பூல்பர்ன் மலை இடுக்குக்குள் நுழைகிறீர்கள். பாறையைக் குடைந்த இரண்டு சுரங்கங்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல். உள்ளே விளக்கு கிடையாது. வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் எதுவுமே தெரியாது. வண்டியை விட்டு இறங்கி, கைவிளக்கை ஏற்றி, தள்ளிக்கொண்டு நடப்பதே நல்லது. குளிர் கன்னத்தில் தட்டும், எங்கோ நீர் சொட்டும், உங்கள் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கும் கல்லின் ஓசை சுவரில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஓரிடத்தில் நின்று விளக்கைச் சுவரின்மேல் காட்டினேன். உளி விழுந்த தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. நூறு ஆண்டுக்கு மேலான தழும்புகள், விரல் வைத்தால் விரல் அடங்கும். சுரங்கத்துக்குப் பிறகு வருவது பூல்பர்ன் பாலம்: உள்ளூர்ப் பாறையைச் செதுக்கி அடுக்கிய தூண்கள், பள்ளத்திலிருந்து 37 மீட்டர் உயரம். என் மனைவி அதைக் கடக்கும்போது கீழே பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாகத் தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

வழிநெடுக ஆங்காங்கே சின்னஞ்சிறு தகரக் கொட்டகைகள் தென்படும். பாதையைப் பராமரித்த கேங் தொழிலாளர்கள் தங்கள் கருவிகளை வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும் பயன்படுத்திய கொட்டகைகளின் மாதிரியில் கட்டி, உள்ளே அந்தந்த இடத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். பலரும் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. என் தந்தையார் மலாயா ரயில்வேயில் கேங் வேலை செய்தவர். அதிகாலையில் தண்டவாளத்தோடு நடந்து, ஆப்பு தளர்ந்திருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து காலைப் பசியாறுவார். 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து இந்நாட்டுத் தண்டவாளங்களில் நம்மவர் வியர்வை எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்த் தண்டவாளம் 1,067 மில்லிமீட்டர் அகலம், நம்முடையது ஒரு மீட்டர். அகலம் ஏறக்குறைய ஒன்று, வேலையும் ஒன்றுதான். ஹைட் அருகே ஒரு கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1943 ஜூன் 4 அன்று அளவுமீறிய வேகத்தில் வளைவில் திரும்பிய பயணிகள் ரயில் தடம் புரண்டு 21 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒரு நிமிடம் இறங்கி நில்லுங்கள்.

தடம் பொதுச்சொத்து என்றாலும் இரு பக்கமும் உழைத்துச் சாப்பிடுகிறவர்களின் நிலம். ஆட்டு மந்தைகள் குறுக்கே ஓட்டிச் செல்லப்படும்போது வண்டியை நிறுத்தி ஒதுங்கிவிட வேண்டும். மணியடித்து வழி கேட்பது பெருந்தவறு, மந்தை கலைந்தால் அந்த மனிதரின் அரைநாள் போய்விடும். வழியில் வேலிக்கதவு வந்தால் மூடியிருந்ததை மூடி வையுங்கள், திறந்திருந்ததைத் திறந்தபடியே விடுங்கள். மேய்ச்சல் நிலத்துக்கே உரிய இன்னொன்று முள். அந்தப் பகுதியெங்கும் காட்டு ரோஜாப் புதர் மண்டிக் கிடக்கிறது. பாதையோரத்தில் படுக்கப்போட்டு வைத்த வண்டியை எடுத்து ஓட்டும்போதுதான் டயர் காற்றிறங்கியது தெரியும். வேலிக்கம்பத்தில் சாய்த்து வைப்பது மேல். ஒட்டுரேகுவா என்ற சிற்றூரில் ஹேய்ஸ் என்பவர் 1895இல் தொடங்கிய பொறிப்பட்டறை ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வேலிக்கம்பியை இழுத்து முறுக்கேற்றும் சிறு கருவியைச் செய்து உலகெங்கும் விற்ற பட்டறை அது. செந்தூல் பட்டறைச் சங்கொலியைக் கேட்டு வளர்ந்த என்னை அங்கிருந்து கிளப்ப மனைவி மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

வண்டியை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். மெல்லிய டயர் உள்ள சாலை வண்டி அந்தச் சரளைக்கு உதவாது. 40 மில்லிமீட்டராவது அகலமுள்ள டயர் வேண்டும். உங்கள் மனைவி தயங்கினால் அவருக்கு மின்மிதிவண்டி எடுத்துக் கொடுங்கள். அது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களைத் தெற்குக் காற்றில் நிறுத்தி வைத்துவிட்டுக் கேளுங்கள். அதற்கும் வாடகைதான் வழி, ஏனெனில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலனைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், மிதிவண்டி மின்கலன்கள் பெரும்பாலும் அதைத் தாண்டியவை. இங்கிருந்து கொண்டுபோக வேண்டிய ஒரே பாகம், உங்கள் உடம்புக்குப் பழகிய இருக்கை. அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய் அங்கே மாட்டச் சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை இரண்டு வேண்டும், அதற்குள் வேறு உள்ளாடை அணியக்கூடாது. தலைக்கவசம் அந்நாட்டில் சட்டப்படி கட்டாயம்.

இப்போது பயிற்சி. உலு லங்காட் மேடுகளை இரண்டு மாதத்துக்கு விட்டுவிடுங்கள் என்றால் நீங்கள் என்னைக் கோபிக்கக்கூடும், ஆனாலும் அதுதான் சரி. அந்த மேடுகள் நெஞ்சுக்கு நல்லவை, ரயில் தடத்துக்கு வேண்டிய பழக்கத்தைத் தராதவை. அதற்குப் பதிலாகத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்வெளிகளுக்குப் போங்கள். வாய்க்கால் ஓரமாக நேர்ப்பாதை, நிழலே இல்லை, பிற்பகலில் கடற்காற்று. ஒட்டாகோவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒத்திகை கிள்ளானிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் கிடைக்காது. போகும்போது காற்றைத் துணையாக வைத்துக்கொண்டு திரும்பும்போது எதிர்கொள்ளுங்கள். கேரித் தீவின் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள் உள்ளங்கைக்குப் பாடம் எடுக்கும். ஒரு வாரம் 30, மறுவாரம் 40 என்று ஏற்றி, புறப்படுவதற்கு முந்தைய மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 45 ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் ஓட்டுவது பெரிதன்று, புண்ணோடு இரண்டாம் நாள் இருக்கையில் மறுபடி உட்காருவதே பரீட்சை. ரயில் தடம் என்றால் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஆசையிருந்தால், சிங்கப்பூரில் நம் கேடிஎம் ரயில் 2011 ஜூன் 30 வரை ஓடிய பாதையை 24 கிலோமீட்டர் பசுமைத் தடமாக்கியிருக்கிறார்கள். ஒரு வார இறுதியில் போய்வரலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சிற்றூர்களில் ஒரு விடுதி, ஒரு காப்பிக்கடை, அவ்வளவுதான். இரவுச் சமையலை முன்னேரத்திலேயே முடித்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். எட்டரை மணிக்குப் போய் நின்றால் உருளைக்கிழங்குச் சீவல் பொட்டலம்தான் இரவுணவு. நீங்கள் சைவமானால் அறை பதியும்போதே எழுதிவிடுங்கள். சொல்லி வைத்தால் சூப்பும் முட்டையும் வறுத்த காய்கறியும் கிடைக்கும், சொல்லாவிட்டால் ஆட்டிறைச்சிதான். எங்களுடைய பெட்டியில் ஊறுகாய்ப் புட்டியும் மிளகாய்த்தூளும் இருந்தன, நான்கு நாளும் அவையே காப்பாற்றின. அலெக்சாண்ட்ரா வட்டாரம் நியூசிலாந்திலேயே மிகவும் வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆளுக்கு இரண்டு புட்டித் தண்ணீர் இல்லாமல் எந்த ஊரையும் விட்டுக் கிளம்பாதீர்கள்.

காலம் மார்ச், ஏப்ரல். டிசம்பர், ஜனவரியில் பகல் வெளிச்சம் இரவு ஒன்பது மணியைத் தாண்டி நீள்வதும், செர்ரிப் பழம் கிடைப்பதும் உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய விடுமுறைக் காலம், அறை கிடைப்பது கடினம், வெயில் முப்பது பாகையைத் தாண்டும். இலையுதிர் காலத்தில் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகிவிடும், காற்றும் சற்று அடங்கும். குளிர்காலத்தைத் தொடவே வேண்டாம். தடத்தின் அருகிலுள்ள ஓஃபிர் என்ற ஊரில் 1995 ஜூலையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 21.6 பாகைக்கு இறங்கியிருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் குயின்ஸ்டவுன், பிறகு சாலை வழியாகக் கிளைட் என்று போகலாம். திரும்பும்போது மிடில்மார்ச்சிலிருந்து டனீடன் பக்கம். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை, ஆனால் இணையம் வழியாக முன் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். உணவுப் பொருள் எதுவானாலும் பயணியர் அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொட்டலமாக இருந்தால் பெரும்பாலும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்; தேனைக் கொண்டுபோகவே கூடாது. அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அதே கண்டிப்பு மண்ணுக்கும் உண்டு: பயிற்சியில் அணிந்த காலணியை அப்படியே பெட்டியில் திணித்துவிடாமல், அடிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் கேரித் தீவுச் செம்மண்ணைப் பழைய பல்துலக்கியால் சுரண்டிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். விமான நிலையத்தில் அந்தக் காலணியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள்.